பதினான்காம் நிமிடம்

அவன் பெயரைச் சொல்லக் கூடாது.
சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
ஆட்டுப் பண்ணைக்காரர் வீட்டுப் பையன்
என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.
வயோமிங்கில் அது ஓர் அடையாளமே இல்லை.

என் பெயரைச் சொல்லலாம். கொரின் ஆஸ்ட்ராண்டர்.
கழுத்தட்டையில் அதற்குக் கீழே ‘பயிற்சியில்’.
அந்த ஒரு சொல்லை மட்டும்
கம்பளிச் சட்டையின் மடிப்பு மறைத்துவிடும்,
நானும் கொஞ்சம் ஒத்துழைத்தால்.

மாணவர் ஆலோசனை மையம், இரண்டாம் தளம்.
கதவுக்கு வெளியே தரையில் ஓர் இரைச்சல் பொறி
நாளெல்லாம் பொய்மழை பெய்துகொண்டிருக்கும்,
உள்ளே அழுவது வெளியே கேட்காதிருக்க.
ஜன்னலுக்கு அப்பால் நிஜக் காற்று.
அதை அடக்க எந்தப் பொறியும் வரவில்லை இன்னும்.

மூன்று அமர்வுகள். மூன்றும் பதிவாயின.
வியாழன்தோறும் வெண்டெல் என் பதிவைப் பார்ப்பார்,
கேரட் கடித்துக்கொண்டே.
முப்பத்தோராம் நிமிடத்தில் நிறுத்தினார்.
திரையில் அவன் சொல்கிறான்:
“இந்த வருடம் குட்டிகள் முன்கூட்டியே வந்துவிட்டன.”
திரையில் முகம் தெரியாத நான் கேட்கிறேன்:
“ஒன்றிலிருந்து பத்துக்குள்
உங்கள் தூக்கத்துக்கு எத்தனை மதிப்பெண்?”
“நாலு” என்கிறான், மரியாதையாக.

வெண்டெல் ஒன்றும் சொல்லவில்லை.
பின்னுக்கு இழுத்து மறுபடி ஓட்டினார்.
மறுபடியும் குட்டிகள். மறுபடியும் நாலு.
கேரட் நொறுங்கும் சத்தம்
என் பல்லில் கூசியது.

நான்காம் வாரம் அவன் வரவில்லை.
பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்,
பிறகு ‘வரவில்லை’ கட்டத்தில் குறியிட வேண்டும்.
ஏழாம் நிமிடம், சும்மா இருக்க முடியாமல்
எழுந்துபோய் அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து கடிகாரம் தெரியவில்லை.
அவன் தலைக்குப் பின்னால் மாட்டியவர்கள் நாங்கள்தான்.
கைக்கெட்டும் தூரத்தில் டிஷ்யூ பெட்டி,
நுனி இழுத்துவிட்டுத் தயாராக,
அழேன் என்பதுபோல.
நேர் எதிரே
என் காலி நாற்காலியின் தோளுக்கு மேல், புத்தக அலமாரியில்,
கேமராவின் சிவப்புப் புள்ளி.

மூன்று வாரமாக அவன் பார்த்துப் பேசியது அதைத்தான்.
நானோ குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன்,
‘கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். நன்று.’

பதினான்காம் நிமிடம் கதவு திறந்தது.
தொப்பி விளிம்பில் பனி, முழங்கால்வரை பனி.
“நெடுஞ்சாலையை மூடிட்டாங்க. சுத்திக்கிட்டு வந்தேன்.”
நான் எழுவதற்குள்
என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்,
பேருந்தில் காலி இடம் கண்டவன்போல.

மாறி உட்காரச் சொல்லியிருக்கலாம்.
கையேட்டில் இதற்கும் ஒரு பக்கம் இருக்கும்.

சுவரைப் பார்த்தான்.
“முப்பத்தாறு நிமிஷம் இருக்கு” என்றான்.
பிறகு அதில் ஐந்தைச் செலவழித்தான்,
தொப்பியைச் சுழற்றி, ஒன்றும் பேசாமல்.
என் நாக்கு நுனிவரை ஒரு கேள்வி வந்தது.
விழுங்கினேன். கசந்தது.

“புயல் அடிச்ச ராத்திரி கொட்டகைக்குப் போகச் சொன்னார் அப்பா.
மறுநாள் பரீட்சை. போகலை.
தூங்கினேன்.”

பொய்மழை.

“நல்லா தூங்கினேன்.
காலையில எண்ணினோம். நாற்பத்தொண்ணு.
அந்தத் தூக்கத்துக்கு
எத்தனை மதிப்பெண் போடுவீங்க?”

அடுத்த வியாழன், வெண்டெல் அறை.
திரையில் தொப்பி அழுத்திய தலைமுடியின் பின்புறம்.
அதற்கு அப்பால் என் முகம்,
முதன்முறையாக, முப்பத்தாறு நிமிடம்.
வாய் சற்றே திறந்தபடி.
அழகாக இல்லை.
வெண்டெல் ஓட விட்டார். நிறுத்தவில்லை.

பதிவில் இல்லாத ஒன்று:
அவன் போனபின் கேமராவை அணைத்தேன்.
மூன்று மணி மாணவி கதவைத் தட்டினாள்.
என் இடத்துக்குத் திரும்பினேன்.
பனி உருகி இருக்கை நனைந்திருந்தது.
துடைக்க நேரமில்லை.
“வாங்க” என்று சொல்லி
அந்த ஈரத்தில் உட்கார்ந்தேன்.